பழைய டிஜிற்றல் கமரா வாங்கப் போறியளோ?

இப்பத்தைய பெடியளுக்கு எங்கட காலத்துச் சின்ன டிஜிற்றல் கமராவில ஒரு மோகம். சிசிடி சென்சர் எண்டால் நிறம் தனி வடிவாம். அந்த நிறக் கதையை நான் பெரிசாய் நம்பிறதில்லை. ஆனால் சிசிடிக்கு ஒரு வரலாறு இருக்கு.

1969ல அமெரிக்காவின்ர பெல் ஆய்வுகூடத்தில பிறந்தது அது. 1995ல கசியோ கியூவி-10 வந்தபோதுதான், எடுத்த படத்தைப் பின்னால இருக்கிற சின்னத் திரையில உடனே பார்க்கிற பழக்கம் சாதாரண சனத்துக்கு வந்தது. பிறகு 2005 ஒக்ரோபரில கனன், நிக்கன், ஃபியூஜிஃபில்ம், சொனி எண்டு பல கொம்பனியள் அடுத்தடுத்து அறிவித்தல் விட்டினம். சொனி செய்த சில சிசிடியள் வெக்கையும் ஈரலிப்பும் உள்ள இடங்களில பழுதாகுதாம். படம் சிதைஞ்சு வரும், இல்லாட்டி ஒண்டுமே வராது. இலவசமாய்த் திருத்திக் குடுத்தவை. அதெல்லாம் எப்பவோ முடிஞ்சுது. எங்கட ஊர்க் காலநிலையை நினைச்சுப் பாருங்கோ! ஆகவே விக்கிறவரிட்டை அந்தக் கமராவாலேயே இண்டைக்கு எடுத்த படம் ஒண்டு கேளுங்கோ. "சோதிச்சுப் பார்க்கேல்லை" எண்டு எழுதியிருந்தால் வேலை செய்யாது எண்டே எடுங்கோ.

அடுத்தது மெமரி காட். ஒலிம்பசும் ஃபியூஜிஃபில்மும் 2002ல எக்ஸ்டி எண்டு ஒரு காட் கொண்டுவந்தவை. பெருவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிசு, ஆகக் கூடினது 2 ஜிபி. எஸ்டி காட்டுக்குள்ள இருக்கிற கட்டுப்பாட்டுச் சில்லு இதில இல்லை. அந்த வேலையையும் கமராதான் செய்ய வேணும்.

நான் வாங்கினதும் இதுக்காகத்தான். 2002ல ஏ-9 பாதை திறந்தாப் பிறகு, அடுத்த வருசம் அண்ணை புதுக்குடியிருப்புக்குப் போய் எடுத்த படங்கள் ஒரு எக்ஸ்டி காட்டில கிடந்தது. கமரா துலைஞ்சு போச்சு. காட் வாசிக்கிற கருவி இரண்டு வாங்கிப் பார்த்தன், கணினி அசையேல்லை. கடைசியாய் லண்டனில ஒரு பழைய சாமான் சந்தையில 15 பவுணுக்கு ஒரு ஃபைன்பிக்ஸ். சுவர் மணிக்கூட்டுக்குப் போடுற பற்றரி இரண்டு போட, எழும்பிச்சுது.

41 படம். வீட்டு விறாந்தை, கிணத்தடி, அம்மம்மா மா இடிக்கிறா. 2009க்குப் பிறகு அந்த வீட்டில மிஞ்சினது கிணறு மட்டும்தான். எங்களிட்டை வேற படம் ஒண்டும் இல்லை.

உங்கட லாச்சியளையும் ஒருக்கால் கிளறிப் பாருங்கோ.