ஜெனீவாவில் எண்ணிய நல்ல ஆண்டுகள்

2000 ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் ஜெனீவாவிலிருந்து ஒரு பட்டியலை வெளியிட்டது. 191 நாடுகள், ஒவ்வொன்றிலும் பிறக்கும் குழந்தை முழு ஆரோக்கியத்துக்கு ஈடாக எத்தனை ஆண்டுகள் வாழும் என்ற கணக்கு. ஜப்பானுக்கு 74.5, முதலிடம். பட்டியல் போட்ட ஊரைக் கொண்ட சுவிட்சர்லாந்துக்கு 72.5. கடைசியில் சியரா லியோன். அங்கே 26 ஆண்டுகூட இல்லை.

யோசனை புதிதல்ல. 1971-லேயே அமெரிக்காவின் டேனியல் சல்லிவன் எளிய வழி ஒன்றைச் சொல்லியிருந்தார். எழுபது வயதினரில் நூற்றுக்கு 30 பேர் முடங்கிக் கிடக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆயுள் அட்டவணையில் அந்த வயதுக்குரிய ஆண்டுகளில் 30 விழுக்காட்டைக் கழிக்க வேண்டும். இப்படியே எல்லா வயதுக்கும் கழித்து, மிச்சத்தைக் கூட்ட வேண்டும். பட்டியலைத் தயாரித்த கிறிஸ்டோபர் முர்ரேயின் ஜெனீவாக் குழு ஒரு படி மேலே போய், உடல்நலக் குறைவின் கடுமைக்கேற்ப எடையும் போட்டது. பார்வை போனால் எவ்வளவு, மனச்சோர்வுக்கு எவ்வளவு? அதை யார் முடிவு செய்வது? சண்டை அங்கேதான்.

பல ஏழை நாடுகளில் இறப்புப் பதிவே ஒழுங்காக இல்லை. ஊகத்தால் நிரப்பிய இடத்தில் தசமப் புள்ளி போட்டது கொஞ்சம் அதிகம்தான்.

நிறுவனத்தின் அதே ஆண்டு அறிக்கையில் வந்த மருத்துவ அமைப்புகளின் தரவரிசை எதிர்ப்புக்குப் பின் மறுபடி வரவில்லை. ஆயுள் கணக்கு மட்டும் பெயரை மாற்றிக்கொண்டு இன்றும் வெளிவருகிறது.