துளையட்டையும் கட்டற்ற வரியும்: போட்ரான் எழுத்துவடிவின் வரலாறு பற்றிய சில குறிப்புகள்

தொழில்நுட்ப வரலாற்றை எழுதுவோர் பலர் கருவிகளின் வேகத்தையும் கொள்ளளவையும் நிரற்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். எழுதுபொருள் எழுத்தின் வடிவை எவ்வாறு நிர்ணயிக்கின்றது, அப்பொருள் வழக்கொழிந்த பின்னரும் அவ்வடிவு எவ்வாறு நிலைபெறுகின்றது என்னும் வினாக்கள் அவர்தம் கவனத்தைப் பெரிதும் ஈர்க்கவில்லை. ஓலையிற் புள்ளியிடாமலும் பதம் பிரிக்காமலும் எழுதிய மரபையும், அச்சுவடிகளைப் பதிப்பித்தோர் பட்ட பாட்டையும் அறிந்த நமக்கு இவை புதிய வினாக்களல்ல. கணனிமொழியான போட்ரானை இவ்வகையில் நோக்குவது பயனுடைத்து.

அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய ஜோன் பக்கஸ் 1953 இன் இறுதியில் முன்வைத்த திட்டத்தின் விளைவாக, 1957 இல் 704 என்னும் கணனிக்கெனப் போட்ரான் வெளிவந்தது. செய்நிரல் எழுதுவோரின் உழைப்பும் பிழைதிருத்தும் நேரமும் கணனிச் செலவிற் பெரும்பங்கை விழுங்கியமையே இம்மொழி தோன்றுவதற்கான பொருளாதாரக் காரணம். எழுதுபொருளோ 80 நிரல்களைக் கொண்ட துளையட்டை. 704 இன் அட்டை வாசிப்பான் அட்டையின் ஒவ்வொரு நிரையையும் 36 பிட்டுகள் கொண்ட இரு சொற்களாகவே நினைவகத்துக்கு அனுப்பியது. இரு முப்பத்தாறு எழுபத்திரண்டு. ஆதலால் 72 நிரல்களே வாசிக்கப்பட்டன. எஞ்சிய எட்டு நிரல்களில் அட்டையின் வரிசையெண்ணைப் பொறித்தனர். கட்டு கைதவறிச் சிதறினால் மீண்டும் அடுக்குவதற்கு அது உதவிற்று. முதல் ஐந்து நிரல்கள் கூற்றெண்ணுக்கும், ஆறாவது நிரல் முன்னைய அட்டையின் தொடர்ச்சியைக் காட்டுதற்கும், ஏழு முதல் எழுபத்திரண்டு வரையானவை கூற்றுக்கும் உரியனவாயின. ஒரு பொறியின் சொல்லளவு இவ்வாறு ஒரு மொழியின் இலக்கணமாயிற்று.

இவ்வடிவில் இடைவெளிக்குப் பொருளில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. 'டூ 10 ஐ = 1, 10' என்பது ஒரு செயலைப் பத்து முறை மீளச் செய்யும் கட்டளை. காற்புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் தசமப்புள்ளி விழுந்துவிட்டாலோ, 'டூ10ஐ' என்னும் பெயருடைய மாறி ஒன்றுக்கு 1.10 என்னும் பெறுமானம் வழங்கப்படும். மாறிகளை முன்கூட்டி அறிவிக்கவேண்டிய நியதி இல்லாமையால் தொகுப்பி யாதொரு முறைப்பாடுமின்றி அதனை ஏற்றுக்கொள்ளும். 1962 இல் மரினர் 1 விண்கலம் அழிந்தமைக்கு இப்பிழையே காரணம் எனப் பலர் எழுதியுள்ளனர். அது ஆதாரமற்ற கதை. எனினும் அக்கதை இத்துணை எளிதில் நம்பப்பட்டது ஏன் என்பது விளங்குகின்றது.

1966 இலும், பின்னர் போட்ரான் 77 எனப்பட்ட நியமத்திலும் அட்டையின் வடிவே பேணப்பட்டது. முனையத்தின் திரையில் எழுதும் வழக்கம் பரவிய பின்னரும் எழுதுவோர் ஆறு வெற்றிடங்களை விட்டே வரியைத் தொடங்கினர். நீண்ட வாதப்பிரதிவாதங்களின் பின் 1991 இற் சர்வதேச நியமமாக வெளிவந்த போட்ரான் 90 கட்டற்ற வடிவைப் புகுத்தியது. 132 எழுத்துகள் வரை கொள்ளும் வரி, வரியிறுதியில் தொடர்ச்சி காட்டும் அம்பர்சன்ட் குறி, பொருளுடைய இடைவெளி என்பன அதன் இயல்புகள். பழைய வடிவு நீக்கப்படவில்லை. போட்ரான் 95 அதனை வழக்கொழியும் கூறெனக் குறித்ததேயன்றி விலக்கவில்லை. இதனைச் சமரசம் எனச் சிலர் இகழ்வர். ஆயின் தசாப்தங்களாகப் பல்கலைக்கழகங்களிலும் ஆய்வுகூடங்களிலும் எழுதப்பட்டுப் பரீட்சிக்கப்பட்ட செய்நிரல்களில் உறைந்திருப்பது மனித உழைப்பு என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர்.

இரு வடிவுகளையும் ஒருங்கிணைப்பது தத்துவரீதியில் எளிது. வடிவு என்பது தொகுப்பி வாசிக்கும் கட்டத்தோடு முடிந்துவிடுகின்றது. தனித்தனிக் கோப்புகளாகத் தொகுத்துப் பின் இணைத்தால், பொறிமொழியில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை. சிக்கல் எழுவது, ஒரே கோப்பை இரு வடிவினதுமான செய்நிரல்கள் உள்வாங்கவேண்டியிருக்கும் போதாகும். அதற்கு ஒரு தந்திரமுண்டு: கூற்றுகளை ஏழு முதல் எழுபத்திரண்டு வரையான நிரல்களுள் அடக்கி, இடைவெளிகளைப் பொருளுடையனவாகவே இட்டு, குறிப்புரைகளைப் பழைய 'சீ' எழுத்தாலன்றி ஆச்சரியக்குறியால் தொடங்கவேண்டும், அக்குறியும் ஆறாம் நிரலில் விழலாகாது. தொடரும் வரியின் 73 ஆம் நிரலில் ஓர் அம்பர்சன்ட், அடுத்த வரியின் ஆறாம் நிரலில் இன்னொன்று. பழைய வடிவை வாசிக்கும் தொகுப்பி 73 ஆம் நிரலைக் காணாது. ஆறாம் நிரலை மட்டும் தொடர்ச்சிக் குறியாகக் கொள்ளும். புதிய வடிவை வாசிக்கும் தொகுப்பிக்கு இரண்டும் வேண்டியவை. 704 வாசியாது விட்ட அந்த எட்டு நிரல்களே இங்கு பாலமாகின்றன.

மெய்யான சிக்கல் வேறிடத்தில் உள்ளது. பழைய துணைநிரல்கள் பல, தமக்கு அனுப்பப்படும் மாறிகளின் வகை பொருந்துகின்றதா எனச் சோதிக்கப்படாமலே இயங்கி வந்தவை. 2020 இல் வெளிவந்த ஜி.என்.யு. தொகுப்பியின் பத்தாம் பதிப்பு இத்தகைய பொருத்தமின்மையைப் பிழையெனவே கொள்ளத் தொடங்கியபோது, அதுவரை குறையின்றித் தொகுக்கப்பட்ட பழைய செய்நிரல்கள் பல நின்றுபோயின. சோதனையைத் தளர்த்தும் தெரிவு ஒன்றும் உடன் வழங்கப்பட்டது. தெரிவை நாடுவதா, குறையைத் திருத்துவதா என்பது நேரமும் ஆளணியும் எவரிடம் உள்ளன என்பதைப் பொறுத்த வினா. பேணும் பணிக்கு நிதியளிக்காது புதுமைக்கு மட்டும் நிதியளிக்கும் ஆய்வு ஒழுங்கில் முதலாவதே பெரும்பாலும் நிகழும் என்பது எமது கருத்து.

இவ்விடத்து லாபாக் என்னும் ஏகபரிமாண அட்சரகணித நூலகத்தைச் சுட்டலாம். 1970களிற் தோன்றிய லின்பாக், ஐஸ்பாக் என்பவற்றின் வழித்தோன்றலாக 1992 இல் வெளிவந்த இது, போட்ரான் 77 இற் பழைய வடிவில் எழுதப்பட்டது. 2021 இல் வெளியான 3.10 ஆம் பதிப்பில், காவியொன்றின் பருமனைக் கணிக்கும் துணைநிரல் கட்டற்ற வடிவில் மாற்றியெழுதப்பட்டது. மிகப் பெரிய அல்லது மிகச் சிறிய எண்களை வர்க்கிக்கும்போது எல்லை மீறாதிருக்கப் பொறியின் எண்ணெல்லைகளைக் கொண்டு மாறிலிகளை வகுக்கவேண்டும். அதனைத் தெளிவுறச் சொல்லும் வசதியைப் போட்ரான் 90 இலேயே காணமுடியும். அத்துணைநிரலின் பெயரும், அதனை அழைக்கும் முறையும் மாற்றப்படவில்லை. அதனை அழைக்கும் பழைய வடிவுக் கோப்புகள், கூற்றுகளை எழுபத்திரண்டாம் நிரலுக்குள் அடக்கியவாறே, ஓரெழுத்தும் திருத்தப்படாமல் தொடர்ந்து இயங்கின.