மன்றோ கணக்கெடுப்பும் மாணவர் கற்ற நூல்களும்

கல்வி வளர்ச்சியை எதனால் அளப்பது என்னும் வினா நம் நாட்டிற்குப் புதியதன்று. சென்னை மாகாண ஆளுநர் தாமசு மன்றோ 1822 ஆம் ஆண்டிலேயே, பள்ளிகளின் தொகையோடு ஆங்குப் பயிலப்பெறும் நூல்களின் பெயர்களையும் திரட்டுமாறு பணித்தார். 1826 இல் அவர் கண்ட முடிவின்படி மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன; மக்களுள் 67 பேருக்கு ஒருவர் பள்ளியிற் பயின்றனர். வீட்டிற் கற்பார் இக்கணக்கில் முற்றும் அடங்காமையின், ஆண்மக்களுள் கல்வி பெறுவோர் மூன்றிலொரு பங்கினை அணுகுவர் என அவர் கருதினார்.

எனினும், எண்ணிக்கை கல்வியாகாது. பல்லாரித் தண்டலாளர் கேம்பெல் 1823 இல் விடுத்த அறிக்கை, மாணவர் செய்யுட்களைப் பொருளுணராது ஒப்பித்தலைச் சுட்டுகின்றது. பேச்சுமொழியினின்றும் செய்யுள்மொழி வேறுபட்டமையை அவர் காரணமாகக் கூறினார். அது தெலுங்கும் கன்னடமும் வழங்கும் பகுதியைப் பற்றியதாயினும், ஆத்திசூடியையும் எண்சுவடியையும் நெட்டுருச் செய்வித்த நம் திண்ணைப் பள்ளிகட்கும் ஓரளவு பொருந்தும். ஆயின், ஏடுகள் அரியவாயிருந்த அக்காலத்தில் மாணவனின் நினைவே அவன் நூலகம் என்பதையும் நாம் மறத்தலாகாது.

பள்ளித்தொகை வருகையைக் காட்டும். நூற்பட்டியல் பாடத்தைக் காட்டும். உணர்ந்தமையை இவ்விரண்டும் காட்டா. அவ்வறிக்கைகளைச் சான்றாக எடுத்தாளும் ஆய்வாளர் இவ்வேறுபாட்டினை உளங்கொள்ளுதல் வேண்டும் என்பதே எம் கருத்து.