யவனர் ஜாடியும் நாசிக் கோப்பையும்

ஒயின் என்றாலே வெள்ளைக்காரன் சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் அதிகம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் வந்ததோடு இதுவும் வந்தது என்றுகூடச் சிலர் சொல்லக்கூடும். ஆனால் அதே வட்டாரத்தில், காஞ்சிபுரத்திலும் பாலாறு கடலில் சேரும் இடத்துக்கு அருகே உள்ள வசவசமுத்திரத்திலும் தோண்டியபோது கூம்பு வடிவ ஜாடித் துண்டுகள் கிடைத்தன. ரோமானிய மது ஜாடிகள் என்று முதலில் பேசப்பட்டது. இந்தியாவில் இப்படி ரோமானியம் என்று எண்ணப்பட்ட பல துண்டுகள் உண்மையில் மெசபடோமியா பக்கத்து ஜாடிகள் என்று பிற்பாடு ராபர்ட்டா டாம்பர் என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தார். ஆகவே இங்கே கொஞ்சம் நிதானம் தேவை.

சந்தேகமே வேண்டாத இடம் புதுச்சேரிக்கு அருகே உள்ள அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டிய ஊர். கிரேக்கத் தீவான கோஸிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் வந்த ஒயின் ஜாடிகள் அங்கே உண்டு. புறநானூற்றின் 56-வது பாட்டில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த மணமுள்ள மதுவைப் பொற்கலத்தில் அருந்தி இனிது வாழும்படி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய 'பெரிப்ளூஸ்' முசிறிக்கு வரும் சரக்குகளில் ஒயினையும் சேர்க்கிறது, அதிகமில்லை என்ற குறிப்போடு. வணிகவியல் பாஷையில் சொன்னால் இறக்குமதி ஆடம்பரப் பொருள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கோஸ் தீவு ஒயினில் கடல்நீர் கலப்பார்கள். கள்ளுக்குப் பழகிய நாக்கில் அந்த முதல் மிடறு எப்படி இருந்திருக்கும்? யோசித்துப் பாருங்கள்.

சரி, இந்தக் காலத்துக்கு வருவோம். சென்னை மாகாணத்தில் 1937-ல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு 1948-ல் மாகாணம் முழுவதும் பரவியது. 1971-ல் அது விலக்கப்பட்டபோது வந்தது சாராயமும் பிராந்தியும்தான். ருசி பார்ப்பது என்ற பழக்கமே இல்லை.

அதைக் கற்றுக்கொடுக்கும் வேலை நாசிக்கில் நடந்தது. கலிபோர்னியாவில் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ராஜீவ் சமந்த் குடும்ப நிலத்தில் முதலில் மாம்பழத்தை முயன்றார். பிறகு சாப்பாட்டுத் திராட்சை. கடைசியில் ஒயின் திராட்சை. 2000-ல் சுலா ஒயின் வந்தது. 2005-ல் தோட்டத்திலேயே ருசி பார்க்கும் அறையைத் திறந்தார்கள். இது வெறும் சுற்றுலா இல்லை. தொலைக்காட்சியில் மது விளம்பரத்துக்குத் தடை; ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனி கலால் வரி. அப்புறம் புது வாடிக்கையாளரை எப்படிப் பிடிப்பது? தோட்டத்துக்கே வரவழைத்து, கையில் கோப்பையைக் கொடுப்பதுதான் வழி. நல்ல மூளை!

முதல்முறை போகிறவர் மடக்கென்று குடித்துவிடப் பார்ப்பார். அங்கே முதலில் நிறத்தைப் பார்க்கச் சொல்வார்கள். பிறகு கோப்பையைச் சுழற்றி முகரவேண்டும்; சுழற்றினால்தான் வாசனை எழும்பும். அதன்பிறகே ஒரு வாய். வெள்ளை முதலில், சிவப்பு பிறகு, இனிப்பு கடைசியில். துப்புவதற்கு ஒரு பாத்திரமும் இருக்கும். காசு கொடுத்ததைத் துப்புவதா என்று மனம் கேட்காதுதான். ஆனால் துப்பாமல் விட்டால் ஐந்தாவது கோப்பையில் எல்லாம் ஒரே ருசி.

சாவிஞோன் பிளாங்க் என்ற வெள்ளை ஒயினில் குடைமிளகாய் வாசனை வரும் என்பார்கள். கேலி இல்லை, குடைமிளகாயில் உள்ள அதே வேதிப்பொருள் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது. சிவப்பு ஒயினில் நாக்கு வறண்டு இழுக்கும். அதற்கு டானின் என்று பெயர். அறுசுவை தெரிந்த தமிழருக்கு இது புதிதில்லை. வாழைப்பூவிலும் கடுக்காயிலும் இருக்கும் துவர்ப்புதான். சங்கடம் சொல்லில் இல்லை, கூச்சத்தில். தெரிந்த வாசனையைத் தெரிந்த பெயரில் சொல்லத் தயங்கி, பக்கத்து மேசைக்காரர் சொல்லும் 'பெர்ரி'யையே சொல்லிவிட்டு வருகிறார்கள் பலர்.

கம்பம் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை, 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது, உலகச் சந்தையில் மஸ்கட் ஹாம்பர்க் என்று அறியப்படும் ரகம்தான். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள். மஸ்கட் வகைகளுக்கு ரோஜா மணம் உண்டு. ருசி பார்க்கும் அறையில் மஸ்கட் ஒயின் ஒன்று வந்து, தேனிக்காரர் ஒருவர் முகர்ந்துவிட்டு "எங்க ஊர் பன்னீர் திராட்சை மாதிரி இருக்கே" என்றால், அந்த மேசையில் சரியான விடை சொன்னவர் அவராகத்தான் இருப்பார்.