போதிசத்துவர் புனிதரான வரலாறு: பௌத்த அறமும் கிறித்துவ நம்பிக்கையும்

முன்னுரை

பௌத்த அறத்தையும் கிறித்துவ மறையையும் ஒப்பிட முனைவோர், தம்மபதம் கூறும் பகைமறுப்பையும் மலைப்பொழிவு கூறும் பகைவர்பால் அன்பையும் அருகருகே நிறுத்தி, ஒற்றுமைகளைப் பட்டியலிடுவதோடு பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். ஒப்புமை காண்பது எளிது. அதன் எல்லையை வரையறுப்பதே கடினம். இவ்விரு சமயங்களும் ஒரே கதையைப் பகிர்ந்துகொண்ட வரலாற்றுச் சான்று ஒன்றைக் கொண்டு அவ்வெல்லையைக் காண இக்கட்டுரை முற்படுகிறது. அதுவே பர்லாம்–யோசபாத் வரலாறு.

கதையின் பயணம்

புத்தரின் இளமைக்கால வரலாறு மத்திய ஆசியா வழியாக மேற்கே சென்றது. அரபு மொழியில் அது பிலவ்ஹர்–பூதாசஃப் கதையாயிற்று. அதிலிருந்து ஜார்ஜிய மொழியில் கிறித்துவ வடிவம் பெற்று, ஏறத்தாழ கி.பி. 1000-இல் கிரேக்கத்திற்கும், 1048-இல் இலத்தீனுக்கும் சென்றது. பின்னர் ஐரோப்பிய மொழிகள் பலவற்றிலும் பரவியது. நாயகனின் பெயரே இப்பயணத்திற்குச் சான்று. ‘போதிசத்துவர்’ என்பது அரபியில் ‘பூதாசஃப்’ ஆனது. எழுத்துப் புள்ளியின் மாறுபாட்டால் அது ‘யூதாசஃப்’ எனத் திரிந்து, இலத்தீனில் ‘யோசபாத்’ என நிலைபெற்றது. அப்பெயர் உரோமைப் புனிதர் பட்டியலிலும் நவம்பர் 27-ஆம் நாளுக்குரியதாக இடம்பெற்றது.

13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ, புத்தர் கிறித்தவராக இருந்திருப்பின் பெரும் புனிதராகியிருப்பார் என்னும் கருத்தைத் தம் பயணநூலில் பதிவு செய்தார். அதே காலத்தில் ஐரோப்பியர் யோசபாத்தைப் புனிதராகப் போற்றிக்கொண்டிருந்தனர் என்பதை அவர் அறிந்திலர். 1859, 1860-ஆம் ஆண்டுகளில் லபூலே, லீப்ரெக்ட் ஆகியோரின் ஆய்வுகள் இவ்வுண்மையைத் தெளிவுபடுத்தின.

கடந்ததும் மாறியதும்

கிணற்றில் தொங்கும் மனிதனின் உவமை இக்கதையில் உண்டு. மகாபாரதத்தின் ஸ்திரீ பருவத்திலும் காணப்படும் உவமை அது. அவன் பற்றியுள்ள மரத்தின் வேரைக் கரிய எலியும் வெள்ளெலியும் கறிக்க, அவனோ சொட்டும் தேனில் மயங்கிக் கிடக்கிறான். துரத்தி வந்த விலங்கு கிரேக்க வடிவில் ஒற்றைக்கொம்பு விலங்காயிற்று; நிலையாமை என்னும் பொருள் மாறவில்லை. நிலையாமையுணர்வு இரு சமயத் துறவியர்க்கும் பொதுவாக இருந்தமையால் அது எளிதில் எல்லை கடந்தது எனலாம்.

ஆயின் சித்தார்த்தர் கண்ட நான்கு காட்சிகள் அவ்வாறு கடக்கவில்லை. யோசபாத் ஊனமுற்றோரையும் முதியவரையும் காண்கிறான். சாவு உண்டென அறிகிறான். நான்காம் காட்சியான துறவியின் இடத்தில், விலைமதிப்பற்ற மணியுடன் வணிகர் வேடத்தில் பர்லாம் என்னும் துறவி வருகிறார். அம்மணி கிறித்துவ நம்பிக்கையே. துன்பத்தின் காரணத்தைச் சித்தார்த்தர் தம் முயற்சியால் தேடிக் கண்டார். யோசபாத்திற்கோ விடை வெளியிலிருந்து, இறைவெளிப்பாடாகவும் திருமுழுக்காகவும் வருகிறது. முன்னதில் வேட்கை அறுதலே விடுதலை. பின்னதில் உயிர்த்தெழுதலின் நம்பிக்கையே விடுதலை.

இன்னுமொரு முரணும் கருதத்தக்கது. சிலைவழிபாட்டை மறுக்கும் அரிஸ்டைடிசின் 2-ஆம் நூற்றாண்டு வாதநூல் இக்கிரேக்கக் கதைக்குள் பொதியப்பட்டிருந்தது. 1889-இல் சீனாய் மடத்தில் அதன் சிரியாக் வடிவம் கிடைத்த பின்னரே அது வெளிப்பட்டது. இவ்வாறு இந்திய இளவரசனின் கதையே பிற சமயங்களை மறுக்கும் வாதத்தைச் சுமந்து சென்றது.

முடிவுரை

இவ்வரலாறு, ஒரு சமயம் மற்றொன்றிடம் கடன்பட்டது என்று கூறி மகிழ்வதற்கோ வருந்துவதற்கோ உரியதன்று. அறம் எளிதில் எல்லை கடக்கிறது. அவ்வறத்தைத் தாங்கும் மெய்ப்பொருட் கொள்கை அத்துணை எளிதில் கடப்பதில்லை. இரண்டும் ஒன்றே என்பார் யோசபாத்தின் மணியை மறந்தவராவர். இரண்டிற்கும் தொடர்பில்லை என்பார் அவன் பெயரையே மறந்தவராவர். பல சமயத்தார் கூடி வாழும் சமுதாயத்தில் ஒப்பியல் ஆய்வாளர் இவ்விரு மறதிகளையும் தவிர்த்தல் வேண்டும்.