காப்பகமும் சொல்லும்: பவானிபூரிலிருந்து ஒரு வாசிப்பு

பவானிபூரில் தங்கி ஆய்வு செய்யும் எனக்கு, டி. எல். கான் சாலையிலுள்ள மனநல மருத்துவ நிறுவனத்தைக் கடந்து செல்வது அன்றாட வழக்கம். 1817இல் பியர்ட்ஸ்மோர் என்பவர் கல்கத்தாவில் தொடங்கிய தனியார் காப்பகமே பின்னர் பவானிபூர் மனநலக் காப்பகமாக அறியப்பட்டது. அது ஐரோப்பியருக்கானது; இந்தியருக்குத் தல்லந்தாவில் தனிக் காப்பகம் இருந்தது. பவானிபூரில் சேர்க்கப்பட்டோரில் பலர் இங்கிலாந்துக்குக் கப்பலேற்றப்பட்டனர். ஆளும் இனத்தின் பெருமை குலையாதிருக்க, சித்தம் கலங்கிய வெள்ளையர் ஆளப்படுவோர் கண்ணில் படக்கூடாது என்ற கருத்தும் இதன் பின்னிருந்தது என்பதை வால்ட்ராட் எர்ன்ஸ்ட் விரிவாகக் காட்டியிருக்கிறார். 1918இல் ராஞ்சியில் ஐரோப்பியருக்கென மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது.

இதற்கும் ஆட்டிசத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். அக்காலப் பதிவேடுகளில் அச்சொல் இல்லை. லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றிய தம் கட்டுரையை வெளியிட்டதே 1943இல்தான். இறந்தோருக்கு இன்று நோய்ப்பெயர் சூட்டும் ஆய்வுமுறையில் எனக்கு உடன்பாடில்லை. தொடர்பு சட்டத்தின் சொல்லாட்சியில் இருக்கிறது. 1912ஆம் ஆண்டு இந்தியப் பித்தர் சட்டம், பிறவியிலேயே அறிவு வளராதோர் எனக் கருதப்பட்டவரையும் சித்தம் கலங்கியவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தது. 1987ஆம் ஆண்டு மனநலச் சட்டம் மனவளர்ச்சி குன்றியோரை அதிலிருந்து பிரித்தது. 1995ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் ஏழு வகைகளைப் பட்டியலிட்டபோது இவ்விரண்டையும் தனித்தனியே சேர்த்தது. ஆட்டிசம் அப்பட்டியலில் இல்லை. பள்ளிச் சலுகைக்குச் சான்றிதழ் தேடிய பெற்றோர், தம் பிள்ளைக்குப் பொருந்தாத ஒரு பெட்டியைத் தேர்ந்தாக வேண்டியிருந்தது.

1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டமே ஆட்டிசத்தைப் பெயர் சொல்லி வரையறுத்தது. திறன்கள் சீரற்று வளரும் நிலை என்பது அதன் முதற்கூறு. எனக்கு இது பிடிக்கும். ஒன்றில் பின்தங்குபவர் மற்றொன்றில் முந்தலாம் என்பதற்கு அதில் இடமுண்டு. 21 வகைகளை ஏற்ற 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் அக்கூறு மறைந்துவிட்டது. மற்றவரோடு தொடர்பு கொள்ளும் ஆற்றல் பாதிக்கப்படுவதே அங்கு முன்னிற்கிறது. தொடர்பாடலுக்கு இருவர் வேண்டும். அது முறியும்போது பழி ஒருவர்மேல் மட்டும் விழுவது ஏன்? புரியாமை இருபுறமும் உள்ளது என்று, தாமே ஆட்டிச நிலையினரான டேமியன் மில்டன் 2012இல் வாதிட்டார்.

மொழியியலாளர்க்கு இது புதிதன்று. தண்ணீர் வேண்டும்போது, 'உனக்குத் தண்ணி வேணுமா?' என்று குழந்தை சொல்வதைக் கானர் மூவிடப்பெயர் மாறாட்டம் என்று குறித்தார். பின்வந்தோர் அத்தகைய பேச்சைப் பொருளற்ற எதிரொலி என்றே தள்ளினர். 1981இல் பிரிசான்டும் டுச்சானும், உடனடி எதிரொலிப்புக்கு ஏழு வகைப் பயன்பாடுகள் உண்டெனக் காட்டினர். தன் உரையாடல் முறையை வளர்த்து உதவியது அக்குழந்தை. கேட்கப் பழகாதவர்கள் நாம்.

தமிழும் இதில் குற்றமற்றதன்று. தமிழக அரசு ஆவணங்களில் 'புற உலகச் சிந்தனையற்ற' என்ற தொடரைக் காண்கிறோம். ஜதுபாபு பஜாரின் இரைச்சலிலோ துர்கா பூஜையின் முரசொலியிலோ காதுகளைப் பொத்திக்கொண்டு நிற்கும் ஒரு சிறுவனை நினைத்துப் பாருங்கள். புற உலகம் அவனுக்கு இல்லாமலா போயிற்று? தாங்கமுடியாத அளவுக்கு அவனுள் புகுந்துவிட்டது. 'மதியிறுக்கம்' என்பதும் எனக்கு உவப்பில்லை. 'ஆட்டிசம்' என்றே எழுதுகிறேன்.

இன்னும் ஏற்புடைய உலகம் எப்படியிருக்கும் என்று கற்பனை செய்ய நான் தொலைவுக்குப் போகவில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில், 40 விழுக்காட்டுக்குக் குறையாத மாற்றுத்திறன் உள்ளவர்களுக்கு ஐந்து விழுக்காட்டு இடங்களையேனும் ஒதுக்கச் சொல்கிறது. இடம் கிடைத்தவர் ஆய்வேட்டை முடித்தபின் வாய்மொழித் தேர்வுக்கு வந்து நிற்கிறார். கண்ணைப் பார்த்துப் பேசவேண்டும், குறுக்கிட்ட கேள்விக்கு உடனே மறுமொழி கூறவேண்டும், அரங்கின் கைதட்டலையும் பொறுக்கவேண்டும். இவற்றுள் எது அவருடைய ஆய்வுத்திறனை அளக்கிறது?

கேள்விகளை முன்கூட்டியே எழுத்தில் தரவும், தட்டச்சு வழியே விடை பெறவும் விதி வேண்டும் என்று எங்கள் துறைக்கு ஒரு மடல் எழுதியிருக்கிறேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் அத்தகைய விதி ஏற்கெனவே நடைமுறையில் இருக்குமாயின், அதன் வாசகத்தை எனக்கு அனுப்பி உதவுங்கள்.