மனம் சோர்ந்தால் யாரை அழைப்பது? கோவிட் காலம் காட்டிய வழி

தானா ராத்தா: காய்ச்சல், இருமல் என்றால் சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்குப் போக நாம் தயங்குவதில்லை. மனம் நொந்து தூக்கம் கெட்டால் மட்டும் வாயைத் திறப்பதில்லை. 'தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்' என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். 1911-இல் தொடங்கப்பட்ட மனநல மருத்துவமனை அங்கே இருப்பதால், அந்த ஊர்ப் பெயரையே கேலிச் சொல்லாக்கிவிட்டோம்.

மனச்சோர்வு யாருக்கும் வரலாம் என்பதைக் கோவிட்-19 காலம் காட்டியது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை அமலுக்கு வந்தது. அம்மாத இறுதிக்குள் சுகாதார அமைச்சும் மெர்சி மலேசியா அமைப்பும் இணைந்து, மனநல ஆதரவுக்கென்றே தொலைபேசிச் சேவையைத் தொடங்கின. பொதுமக்களோடு மருத்துவப் பணியாளர்களும் அதில் பேசலாம் என்று அறிவிக்கப்பட்டது.

மூன்று தரப்பினர், மூன்று விதமான சுமை

மருத்துவர்கள், தாதியர், துப்புரவுப் பணியாளர்கள் ஆகியோருக்கு நீண்ட வேலை நேரம் ஒருபுறம்; வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுபோய்விடுவோமோ என்ற அச்சம் மறுபுறம்.

நோயாளிகளுக்குத் தனிமையே பெரிய வேதனை. முகக்கவசமும் பாதுகாப்பு உடையும் அணிந்து வருபவரின் முகம்கூடத் தெரியாது. மொழி புரியாத முதியவர்கள் இன்னும் தவித்தனர்.

குடும்பத்தாருக்கோ, போய்ப் பார்க்க முடியாத தவிப்பு. இறந்தவரைக் குளிப்பாட்டி, உறவினர் கூடி, முறைப்படி வழியனுப்ப முடியாமல் போனது பலருக்கு இன்னும் ஆறாத துயரம். அதை நினைத்து இன்றும் அழுபவரைப் பார்த்து "இன்னுமா அழுகிறாய்?" என்று கேட்கக்கூடாது.

முதலுதவி மனத்துக்கும் உண்டு

உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட மனநல முதலுதவிக் கையேடு மூன்று படிகளைச் சொல்கிறது: பார், கேள், இணை.

பார்: அவர் பாதுகாப்பாக இருக்கிறாரா, அவசர உதவி தேவையா என்று கவனியுங்கள். கேள்: குறுக்கிடாமல், அறிவுரை சொல்லாமல் கேளுங்கள். பேசும்படி வற்புறுத்த வேண்டாம். இணை: உறவினர், மருத்துவர், ஆலோசகர் என உரியவரிடம் கொண்டு சேருங்கள். இதற்குப் பட்டம் தேவையில்லை. பக்கத்து வீட்டு அக்காவும் செய்யலாம்.

தூக்கமின்மை, பசியின்மை, எதிலும் நாட்டமின்மை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். கிளினிக்கில் உடல் வலியை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பாமல் மனக் கவலையையும் சேர்த்துச் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தை ஒருவர் வெளிப்படுத்தினால் காத்திருக்க வேண்டாம். அவரைத் தனியே விடாமல் உடனே 999-ஐ அழையுங்கள். அல்லது மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கி, ஓராண்டு வரை சிறைக்கு இடமளித்த தண்டனைச் சட்டம் 309-ஆவது பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது. போலீசுக்குப் பயந்து மறைக்க வேண்டிய நிலை இப்போது இல்லை.

அழைக்க வேண்டிய எண்கள்

ஹீல் 15555: சுகாதார அமைச்சு 2022-இல் தொடங்கிய மனநல நெருக்கடிச் சேவை.

தாலியான் காசே 15999: குடும்ப வன்முறை, சிறார் கொடுமை, ஆதரவற்றோர் பிரச்சினைகளுக்கு, 24 மணி நேரமும்.

பிஃரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929: மனம்விட்டுப் பேச, 24 மணி நேரமும்.

இந்த எண்களைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். கைப்பேசி பழக்கமில்லாத தாத்தா, பாட்டி இருக்கும் வீடுகளில் காலண்டரில் பெரிதாக எழுதி மாட்டிவிடுங்கள்.